சென்சார் கம்பியைக் கழற்றியும் பழுது காட்டவில்லை: மிப்ஸ் போர்டில் ஓடிய ஜிசிசி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் ஆலை. அங்கே பேஸ்சுரைசரின் (கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம்) வெப்பநிலையைப் பதிவு செய்யும் பெட்டிகளில் ஒன்றுக்குப் புதிதாக ஒரு சி கம்பைலர் (சி மொழி நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கருவி; இங்கே ஜிசிசி) ஏற்றப்பட்டது. அது எல்லா நிரல்களையும் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் செய்தது. கம்பைல் ஆன நிரலும் ஓடியது. சீசன் தொடங்குவதற்கு முன் வழக்கமாகச் செய்யும் சோதனையாக பிடி100 என்ற வெப்பநிலை சென்சாரின் கம்பி ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். பதிவேட்டில் 'சென்சார் பழுது' என்று வரவேண்டும். வரவில்லை. கடைசியாகப் படித்த வெப்பநிலையே நொடிக்கு நொடி பதிவாகிக்கொண்டிருந்தது. கூழ் எந்தச் சூட்டில் போகிறது என்றே தெரியாத நிலையில், எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு பெட்டி பதிவு எழுதுகிறது. உணவுத் தொழிலில் இதைவிட ஆபத்தான பழுதை நான் பார்த்ததில்லை.

காரணத்தைத் தேடிப் போனால், அது அந்தக் கம்பைலரைக் கட்டிய பில்ட் ஸ்கிரிப்ட்டின் (கட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒற்றை வரியில் இருந்தது. அந்த வரிக்கும் கழற்றிய கம்பிக்கும் இடையே உள்ள தொடர்பை முழுமையாக எழுதி வைக்கிறேன். அதிகம் புழங்காத பிராசஸருக்குக் கம்பைலர் கட்டுகிற எவருக்கும் இது நேரலாம்.

பெட்டியும் பிராசஸரும்

உள்ளே இருப்பது மிப்ஸ் 24கேசி என்ற பிராசஸர். 32 பிட், பிக் எண்டியன் (எண்ணின் பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் முறை), 400 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி ரேம். தசமக் கணக்குகளைச் செய்யும் எஃப்பியூ இந்தச் சிப்பில் கிடையாது. அந்தக் கணக்கை மென்பொருளாகவே செய்ய வேண்டும். இதைத்தான் சாஃப்ட் ஃப்ளோட் என்கிறோம். கர்னலிலும் (இயக்க முறைமையின் மையப் பகுதி) எஃப்பியூவைப் போலியாக நடத்திக் காட்டும் பகுதியை இடம் மிச்சப்படுத்துவதற்காக நீக்கியிருந்தார்கள். சி நிரல்கள் எல்லாம் சார்ந்திருக்கும் சி நூலகம் மஸ்ல்.

ஸ்டான்ஃபோர்டில் ஜான் ஹென்னசி குழு 1981-ல் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்த கட்டமைப்பு மிப்ஸ். வைஃபை ரவுட்டர்களில் ஒரு காலத்தில் இதுதான் எங்கும் இருந்தது. 2021-ல் மிப்ஸ் நிறுவனமே அடுத்த வடிவமைப்புகளை ரிஸ்க்-வி என்ற வேறொரு கட்டமைப்பில் செய்யப்போவதாக அறிவித்தது. டெபியன் லினக்ஸில் பிக் எண்டியன் மிப்ஸுக்குக் கடைசிப் பதிப்பு 10. அதிலிருந்த கம்பைலரும் எஃப்பியூ உண்டு என்று நம்பிக் கட்டப்பட்டது. ஆகவே இந்தப் பெட்டிக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் கம்பைலர் எதையும் இறக்கிப் போட வழியில்லை. நாமே கட்டித்தான் ஆக வேண்டும்.

கம்பைலர் பெட்டிக்குள்ளேயே எதற்கு, லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் செய்து (ஒரு வகைக் கணினியில் இன்னொரு வகைச் சிப்புக்காகக் கம்பைல் செய்து) கோப்பைக் கொண்டுவந்து போட்டால் போதாதா என்று கேட்கலாம். பத்தில் ஒன்பது வேலைகளுக்கு அது போதும். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் இந்த ஆலையில் சென்சார் படிக்கும் பகுதி தனித்தனி ப்ளக்இன் (முதன்மை நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டு நிரல்) கோப்புகளாக இருக்கிறது. ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும் நேரத்தில் ஒரு சென்சார் மாறினால், அதன் திருத்த எண்களை இரவு ஷிஃப்டில் இருக்கும் பராமரிப்பு ஆளே மாற்றிக் கம்பைல் செய்ய வேண்டும். பெட்டி இருக்கும் அறைக்கு இணையம் கிடையாது. மூல நிரலும் அதைக் கம்பைல் செய்யும் கருவியும் ஒரே பெட்டியில் இருந்தால், பேனல் செய்து கொடுத்தவர் ஊரில் இல்லாவிட்டாலும் ஆலை நிற்காது. ஆலைக்காரர்கள் இதைக் கேட்டது நியாயம்தான்.

கணக்கும் சாதாரணமானதில்லை. பிடி100 என்பது 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.51 ஓம் காட்டும் சென்சார். ஓமிலிருந்து டிகிரிக்கு வர இருபடிச் சமன்பாடு ஒன்றைத் தீர்க்க வேண்டும். பிறகு அந்த வெப்பநிலை எத்தனை நேரம் நின்றது என்பதை வைத்து, கிருமி எந்த அளவு அழிந்தது என்று 10-ன் அடுக்காகக் கணக்கிட்டுக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அடுக்கு என்பதால் ஒன்றிரண்டு டிகிரி தவறினாலே கூட்டுத்தொகை வெகுவாக மாறிவிடும்.

முதலில் வந்த கம்பைலர்

கம்பைலரை வெளியாள் ஒருவர் கட்டிக் கொடுத்திருந்தார். ஜிசிசி 12, சி மொழி மட்டும். கூடவே பில்ட் ஸ்கிரிப்ட்டும் இருந்தது. தன் லேப்டாப்பில் க்யூஎமு (வேறு சிப்பைப் போலியாக நடத்திக் காட்டும் மென்பொருள்) கொண்டு ஓட்டிச் சோதித்ததாகச் சொல்லியிருந்தார், அது உண்மைதான். பெட்டியில் ஏற்றி 'ஜிசிசி' என்று தட்டினால் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) 'நாட் ஃபவுண்ட்' என்றது. கோப்பு கண் முன்னே இருக்கிறது, இயக்கும் அனுமதியும் இருக்கிறது. அங்கே அடிக்கடி கரண்ட் போய் வரும் என்பதால் யூஎஸ்பி டிரைவ் கெட்டிருக்குமோ என்று முதலில் சந்தேகம் வந்தது. இரண்டு பக்கமும் ஷா256 என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்துப் பார்த்தால் ஒரே எண். டிரைவ் நன்றாக இருந்தது.

கோப்பு இருந்தும் இல்லை என்று ஷெல் சொன்னால், காணாமல் போனது பெரும்பாலும் அந்தக் கோப்பு கேட்கும் லோடராக (நிரலை அதன் நூலகங்களோடு நினைவகத்தில் ஏற்றும் நிரல்) இருக்கும். நிரல் கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கொண்டு பார்த்தால் தெரிந்துவிடும். அந்த ஜிசிசி கேட்டது 'எல்டி-மஸ்ல்-மிப்ஸ்' என்ற லோடரை. பெட்டியில் இருப்பதன் பெயரோ 'எல்டி-மஸ்ல்-மிப்ஸ்-எஸ்எஃப்'. கடைசியில் வரும் எஸ்எஃப்தான் சாஃப்ட் ஃப்ளோட்டின் அடையாளம். மஸ்லில் இந்தப் பெயர் வேறுபாட்டை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள்: இரண்டு ஏபிஐயும் (கம்பைல் ஆன துண்டுகள் தமக்குள் மதிப்புகளைக் கைமாற்றும் விதி) ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஆனால் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் தம்பி வருவதற்கு முன்பே ஆலையில் யாரோ ஒருவர் பழைய பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டுப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு 'ஜிசிசி --வெர்ஷன்' ஓடியிருக்கிறது. எதைக் கம்பைல் செய்யச் சொன்னாலும் சிசி1 (ஜிசிசிக்குள் உண்மையில் கம்பைல் செய்யும் நிரல்) 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று சொல்லிச் செத்திருக்கிறது.

பிழை தேடும் கருவியான ஜிடிபி-சர்வரைப் பெட்டியில் ஓட்டி, லேப்டாப்பிலிருந்து இணைந்து பார்த்தபோது, அது விழுந்த இடத்திலிருந்த கட்டளை 44800000. லேப்டாப்பில் இருக்கும் எக்ஸ்86 வகைச் சிப்பில் பழகிய கண் பைட்டுகளைத் தலைகீழாகப் படிக்கும். இது பிக் எண்டியன் என்பதால் நேராகவே படிக்கலாம். முதல் ஆறு பிட்டுகள் 010001: கோ-பிராசஸர் 1, அதாவது எஃப்பியூ. இல்லாத எஃப்பியூவுக்கு ஒரு மதிப்பை நகர்த்தச் சொல்லும் கட்டளை. இணையத்தில் கிடைத்த பொதுவான மிப்ஸ் கிராஸ் கம்பைலரை வைத்து சிசி1-ஐக் கட்டியிருந்தார்கள். அது ஹார்ட் ஃப்ளோட், அதாவது எஃப்பியூ உண்டு என்று நம்பிக் கட்டளை எழுதுவது.

அப்படியானால் க்யூஎமுவில் எப்படி ஓடியது? 32 பிட் மிப்ஸ் நிரலைப் பயனர் முறையில் ஓட்டும்போது, நாம் எதுவும் சொல்லாவிட்டால் க்யூஎமு எடுத்துக்கொள்ளும் பிராசஸர் 24கேஎஃப். அந்தக் கடைசி எழுத்து எஃப்பியூ உண்டு என்பதற்கு. நம்முடையது 24கேசி. சிபியு பெயரை 24கேசி என்று கொடுத்து ஓட்டியதும் லேப்டாப்பிலேயே அதே இடத்தில் அதே பிழை வந்தது. போலி இயந்திரத்தில் சோதிக்கிறவர்கள் எந்தச் சிப்பைப் போலி செய்கிறோம் என்பதை எழுத்துப் பிசகாமல் குறிப்பிட வேண்டும். உண்மைச் சிப்பைவிட வசதி கூடுதலான சிப்பில் ஓட்டிப் பார்த்துத் தேறிவிட்டது என்று சொல்வதற்கு மதிப்பில்லை.

சிம்லிங்க்கை நீக்கினோம். போர்டின் மென்பொருளைக் கட்டிய அதே சாஃப்ட் ஃப்ளோட் கிராஸ் கம்பைலரைக் கொண்டு, அதே பில்ட் ஸ்கிரிப்ட்டைத் தம்பி மீண்டும் ஓட்டினார். ஸ்கிரிப்ட்டில் கிராஸ் கம்பைலரின் பெயரும் 'வித்-ஃப்ளோட்' தேர்வும் மட்டும்தான் மாறின. மற்ற வரிகள் வந்தபடியே இருந்தன.

இரண்டாவது கம்பைலர், சில சில்லறைத் தொல்லைகள்

இது ஓடியது. தொல்லைகள் வந்தன, ஆனால் எல்லாம் தெரிந்தவை. 64 எம்பி ரேமில் பெரிய கோப்பு ஒன்றைக் கொடுத்தால் கர்னல் சிசி1-ஐக் கொன்றுவிடும். ஓடுவதற்குத் தேவைப்படாத விவரங்களை நீக்கி ஸ்ட்ரிப் செய்த பிறகும் சிசி1 மட்டுமே 20 எம்பியைத் தாண்டும். யூஎஸ்பியில் ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் இடம்) கொடுத்து, கம்பைலரின் உள் நினைவகத்தைச் சீக்கிரம் சீக்கிரமாகச் சுத்தம் செய்யச் சொல்லும் 'ஜிஜிசி-மின்-எக்ஸ்பேண்ட்', 'ஜிஜிசி-மின்-ஹீப்சைஸ்' இரண்டையும் குறைத்ததும் சமாளித்தது. வேகம் குறையும், ஆனால் ப்ளக்இன் அளவுள்ள கோப்புகளுக்கு அது பொருட்டில்லை. பெட்டியில் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லாததால், கரண்ட் போய் வந்ததும் தேதி 1970-க்குப் போகும், கோப்புகளின் தேதியைப் பார்த்து எதை மறுபடி கம்பைல் செய்வது என்று முடிவெடுக்கும் மேக் குழம்பும். தேதியைச் சரி செய்துவிட்டுத்தான் மேக் ஓட்ட வேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. 'பாத்_மேக்ஸ்' வரையறுக்கப்படவில்லை என்று ஒரு பிழை வந்தது. ஜிசிசி தனக்கென்று ஒரு லிமிட்ஸ்.ஹெச் கோப்பை (எல்லை மதிப்புகளை வரையறுக்கும் ஹெட்டர்) உருவாக்கிக்கொள்ளும். கட்டும் நேரத்தில் டார்கெட்டின் (கம்பைலர் எந்த இயந்திரத்துக்காக நிரலை உருவாக்குகிறதோ அந்த இலக்கு) லிமிட்ஸ்.ஹெச் அதன் கண்ணில் பட்டால், அதையும் சேர்த்துக்கொள்ளும் முழு வடிவத்தை எழுதும். படாவிட்டால் குறை வடிவம். ஸ்கிரிப்ட் ஹெட்டர்களின் பாதையைச் சரியாகக் காட்டாததால் குறை வடிவம் வந்திருந்தது. ஜிசிசி மூலத்தில் இருக்கும் லிமிட்எக்ஸ், ஜிலிமிட்ஸ், லிமிட்ஒய் என்ற மூன்று துண்டுகளை ஒட்டினால் முழு வடிவம் கிடைக்கும். லினக்ஸை அடியிலிருந்து கட்டுபவர்கள் செய்வதும் இதுதான்.

இந்தப் பிழையை நான் இங்கே எழுதக் காரணம், அது ஒரு முன்னறிவிப்பு. கட்டும் நேரத்தில் கட்டும் இயந்திரத்தில் எது கண்ணில் பட்டது, எது படவில்லை என்பது முடிந்த கம்பைலருக்குள் உறைந்துபோய்விடுகிறது. பிறகு பெட்டியில் என்ன இருந்தாலும் அது மாறாது.

லிங்க் பிழையும் அதை மறைத்த வழியும்

ப்ளக்இன்னைக் கம்பைல் செய்து இணைத்தபோது லிங்க்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) ஒரு பெயரைக் காணவில்லை என்றது: 'எமுடிஎல்எஸ்_வி.சென்சார்_எர்ர்'. எங்கள் நிரலில் அப்படி ஒரு பெயரே கிடையாது. 'சென்சார்_எர்ர்' உண்டு. அது ஒரு த்ரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர்) மாறி: சியில் பிழை எண்ணை வைக்கும் எர்ர்நோ இருப்பதைப் போல, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிப் பிரதி. இரண்டு த்ரெட்டுகள் இரண்டு சென்சார் வரிசைகளைப் படிக்கின்றன. ஒன்றின் பழுது மற்றதன் கணக்கில் ஏறக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ப்ளக்இன் பழுதைக் கண்டால் இந்த மாறியில் எண்ணை எழுதிவிட்டு, கடைசி நல்ல வெப்பநிலையைத் திருப்பித் தரும். முதன்மை நிரல் மாறியைப் பார்த்து, பூஜ்யம் இல்லையென்றால் 'சென்சார் பழுது' என்று பதிவு செய்யும்.

தம்பி ஒரு வழி கண்டுபிடித்தார். மாறி வரையறுக்கப்பட்ட நூலகக் கோப்பையும் பெட்டியிலேயே கம்பைல் செய்து ப்ளக்இன்னோடு சேர்த்துவிட்டார். "லிங்க் ஆயிடுச்சுண்ணா, லோடும் ஆவுது, ஓடுது" என்றார். ஓடத்தான் செய்தது. வெப்பநிலை சரியாக வந்தது, 138.51 ஓம் மின்தடையை வைத்துப் பார்த்தால் 100 டிகிரி காட்டியது. அந்த நிலையில்தான் கம்பியைக் கழற்றினோம், பழுது காட்டவில்லை.

"லிங்க் பிழை ஏன் வந்ததுன்னு தெரியாம அதைத் தாண்டிட்டோம் தம்பி. மொதல்ல அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்க்கலாம்" என்றேன். அவரும் அதற்குத் தயாராகவே இருந்தார். கிராஸ் கம்பைலரால் கட்டிய பழைய ப்ளக்இன்னைப் போட்டால் பழுது ஒழுங்காகக் காட்டுகிறது. அதே மூலத்தைப் பெட்டியில் கம்பைல் செய்தால் காட்டுவதில்லை. இது தெரிந்ததும் சந்தேகம் கம்பைலர் மேலேயே நிலைத்தது.

ஒரே மூலம், இரண்டு கம்பைலர்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மொத்தப் பிரச்சினையும் இங்கேதான் அவிழ்ந்தது.

ஒரு கணினியில் ஜிசிசியை அதிலேயே கட்டும்போது மூன்று கட்டம் நடக்கும். ஏற்கெனவே இருக்கும் கம்பைலர் முதல் கட்டத்தைக் கட்டும். அந்தப் புதுக் கம்பைலர் தன்னைத் தானே மறுபடி கட்டும். அப்படிக் கட்டியது இன்னொரு முறை கட்டும். பிறகு இரண்டாம் கட்டத்தின் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் மூன்றாம் கட்டத்தினுடையவற்றையும் ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் பில்ட் அங்கேயே நிற்கும். கம்பைலருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை. லட்சக்கணக்கான வரிகளைத் தானே கம்பைல் செய்து, தன் விடை தவறவில்லை என்று காட்ட வேண்டும்.

கட்டும் இயந்திரம் எக்ஸ்86, ஓடும் இயந்திரமும் இலக்கும் மிப்ஸ் என்றால் இந்தப் பரீட்சை நடப்பதே இல்லை. கட்டும் இயந்திரத்தால் புதுக் கம்பைலரை ஓட்ட முடியாது. ஆக, இப்படிப் பிறந்த கம்பைலர் முதன்முதலாக ஓடுவதே வாடிக்கையாளரின் பெட்டியில்தான். பலரும் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பில்ட் பிழையில்லாமல் முடிந்ததே என்று நிம்மதி அடைகிறார்கள்.

ஆனால் பரீட்சைக்கு மாற்று உண்டு, அதுவும் சுலபமானது. அந்தக் கம்பைலரைப் பெற்ற கிராஸ் கம்பைலர் நம் கையில் இருக்கிறது. இரண்டும் ஒரே பதிப்பு, இரண்டுக்கும் ஒரே இலக்கு. எனவே ஒரே மூலக்கோப்பை ஒரே தேர்வுகளோடு இரண்டிடமும் கொடுத்து அசெம்பிளி (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவம்) வரை மட்டும் கம்பைல் செய்யச் சொன்னால், இரண்டு கோப்புகளும் ஓர் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த இயந்திரத்தில் ஓடினாலும் கம்பைலரின் விடை ஒன்றுதான். வேறுபாடு இருந்தால் இரண்டில் ஒன்று தவறு. 'வெர்போஸ்-அசம்' தேர்வை மட்டும் சேர்க்கக் கூடாது. அது கம்பைலர் எதனால் கட்டப்பட்டது போன்ற விவரங்களைக் குறிப்பாக எழுதி, ஒப்பீட்டைக் கெடுத்துவிடும்.

ப்ளக்இன்னின் மூலத்தை இரண்டிலும் கொடுத்து, விடைகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் எடுத்தோம். இரண்டு வகை வேறுபாடுகள் பளிச்சென்று தெரிந்தன.

முதலாவது, த்ரெட் மாறியைத் தொடும் இடங்கள். கிராஸ் கம்பைலர் மிப்ஸின் டிஎல்எஸ் (த்ரெட்டுக்குத் தனி மாறி தரும் வசதி) ரீலொகேஷனை (பிறகு நிரப்ப வேண்டிய முகவரிக் குறிப்பு) போட்டு, மஸ்லின் 'டிஎல்எஸ்_கெட்_அட்ர்' சார்பை அழைத்தது. பெட்டியில் இருந்ததோ 'எமுடிஎல்எஸ்_கெட்_அட்ரஸ்' என்ற வேறு சார்பை அழைத்தது. இலக்கில் டிஎல்எஸ் வசதியே இல்லை என்று நினைக்கும்போது ஜிசிசி பயன்படுத்தும் மாற்று ஏற்பாடு இது. மாறியின் இடத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் குறிப்பை வைத்து, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஓடும் நேரத்தில் இடம் ஒதுக்கும். அந்தக் குறிப்பின் பெயர்தான் லிங்க்கர் காணவில்லை என்ற 'எமுடிஎல்எஸ்_வி'. ஏற்பாட்டில் குறையில்லை, ஆண்ட்ராய்டில் பல ஆண்டுகள் இதுவே வழியாக இருந்தது. குறை கலப்பில் வருகிறது. ஒரு பாதி நிரல் உண்மையான டிஎல்எஸ்ஸையும், மறு பாதி இதையும் பயன்படுத்தினால், ஒரே பெயருள்ள மாறி இரண்டு வெவ்வேறு பொருள்களாகிவிடும்.

எங்கள் பெட்டியில் நடந்தது அதுவேதான். முதன்மை நிரல் கிராஸ் கம்பைலரால் கட்டியது. அதன் 'சென்சார்_எர்ர்' உண்மையான த்ரெட் மாறி. ப்ளக்இன்னும் உண்மையான டிஎல்எஸ்ஸில் இருந்திருந்தால், நூலகக் கோப்பு இரண்டிலும் இருந்தாலும் லோடர் பெயர் ஒற்றுமையைப் பார்த்து முதன்மை நிரலின் மாறியையே இருவருக்கும் காட்டியிருக்கும். பெயரே வேறாகிவிட்டதால் லோடருக்கு ஒன்றோடொன்று சேர்க்க எதுவும் இல்லை. ப்ளக்இன் தன் பிரதியில் பழுது எண்ணை எழுதியது. முதன்மை நிரல் தன் பிரதியைப் பார்த்தது. அங்கே எப்போதும் பூஜ்யம். இரண்டு பக்கமும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்தன. செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

இரண்டாவது வேறுபாடு நிரலின் போக்கைக் கெடுக்காதது, ஆனால் காரணத்தைக் காட்டிக் கொடுத்தது. கிராஸ் கம்பைலர் ஒவ்வொரு முகவரிக்கும் ரீலொகேஷனைத் தானே வெளிப்படையாக எழுதியது. பெட்டியில் இருந்தது 'லா' என்ற அசெம்பிளர் (அசெம்பிளியை இயந்திரக் கட்டளைகளாக்கும் கருவி) மேக்ரோவை எழுதிவிட்டு, விரித்துக்கொள்ளும் வேலையை அசெம்பிளரிடம் விட்டது. மிகப் பழைய அசெம்பிளர்களோடு பிழைப்பதற்காக ஜிசிசியில் இருக்கும் வழி இது. 'ஜிசிசி -க்யூ --ஹெல்ப்=டார்கெட்' என்று இரண்டிலும் கேட்டபோது, 'எக்ஸ்ப்ளிசிட்-ரீலாக்ஸ்' ஒன்றில் இயங்குநிலையில், மற்றதில் அணைந்த நிலையில் இருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை. கட்டப்பட்டபோதே அப்படி.

டிஎல்எஸ், வெளிப்படையான ரீலொகேஷன் இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: இரண்டுமே அசெம்பிளரின் திறமையைப் பொறுத்தவை.

அசெம்பிளரை விசாரித்தது யார்

ஜிசிசியின் கான்ஃபிகர் (கட்டத் தொடங்கும் முன் சூழலைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட்), இலக்கின் அசெம்பிளருக்கு என்னென்ன தெரியும் என்று சிறு சிறு அசெம்பிளித் துண்டுகளைக் கொடுத்துக் கேட்கும். ஏற்றுக்கொண்டால் 'ஆம்', பிழை சொன்னால் 'இல்லை'. விடைகள் 'ஆட்டோ-ஹோஸ்ட்.ஹெச்' என்ற கோப்பில் 'ஹேவ்_ஏஎஸ்' அல்லது 'ஹேவ்_ஜிஏஎஸ்' என்று தொடங்கும் வரிகளாகப் பதியும். இவை இலக்கைப் பற்றிய விடைகள். கிராஸ் கம்பைலரைக் கட்டிய அடைவிலும், பெட்டிக்கான கம்பைலரைக் கட்டிய அடைவிலும் இந்த வரிகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு கோப்புகளிலிருந்தும் அந்த வரிகளை மட்டும் பிரித்து ஒப்பிட்டோம். 'ஹேவ்_ஏஎஸ்_டிஎல்எஸ்' இல்லை. 'ஹேவ்_ஏஎஸ்_டாட்_மாட்யூல்' இல்லை. 'ஹேவ்_ஏஎஸ்_டிடிபிரெல்வேர்ட்' இல்லை. ஆனால் சிஎஃப்ஐ கட்டளைகள், ஹிடன் போன்ற பொதுவான வசதிகளெல்லாம் இரண்டிலும் ஆம் என்றே இருந்தன. மிப்ஸுக்கே உரிய கேள்விகள் மட்டும் ஒன்று விடாமல் தோற்றிருந்தன.

இந்த வடிவத்தைப் பார்த்ததும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. அசெம்பிளர் பழையதாக இருந்தால் சில பொதுவான கேள்விகளிலும் தோற்றிருக்கும். பொதுவானவற்றில் எல்லாம் தேறி, மிப்ஸ் கேள்விகளில் எல்லாம் தோற்கும் அசெம்பிளர் என்றால், அது புத்தம்புது குனு அசெம்பிளர், மிப்ஸுக்கானது இல்லை. ஜிசிசி அடைவின் கான்ஃபிக்.லாக் என்ற பதிவுக் கோப்பு அதை உறுதி செய்தது. கான்ஃபிகர் ஒவ்வொரு முறையும் அழைத்தது லேப்டாப்பின் யூஎஸ்ஆர்-பின் அடைவிலிருந்த எக்ஸ்86 அசெம்பிளரை.

ஸ்கிரிப்ட்டில் அந்த வரி இருந்தது. 'ஏஎஸ்_ஃபார்_டார்கெட்' என்ற மாறிக்கு வெறும் 'ஏஎஸ்' என்று மதிப்பு. பெட்டியில் அசெம்பிளரின் பெயர் முன்னொட்டு இல்லாமல் 'ஏஎஸ்' என்றுதான் இருக்கும், இதுவோ பெட்டியில் ஓடப்போகும் கம்பைலர் என்ற எண்ணத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த மாறி சொல்வது வேறு: கட்டும் நேரத்தில், கட்டும் இயந்திரத்தில் ஓடி, இலக்குக்கான கோப்பை உருவாக்கும் அசெம்பிளர். அங்கே மிப்ஸ் முன்னொட்டு உள்ள கிராஸ் அசெம்பிளரின் பெயர் வந்திருக்க வேண்டும். கட்டும், ஓடும், இலக்கு இயந்திரங்கள் மூன்றும் ஒன்றாக இல்லாத பில்டில், பயனர் கொடுத்த கருவியை ஜிசிசியின் கான்ஃபிகர் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ளும்.

தவறான அசெம்பிளர் இருந்தும் பில்ட் எப்படி முடிந்தது என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. உண்மையான கம்பைல் வேலை எதிலும் அந்த மாறி பயன்படவில்லை. சிசி1-ஐயும் லிப்ஜிசிசியையும் கட்டியது மிப்ஸ் கிராஸ் கம்பைலர். அது தன் சொந்த அசெம்பிளரைத் தானே தேடிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு கோப்பும் சரியான மிப்ஸ் கோப்பாகவே வந்தது. எக்ஸ்86 அசெம்பிளர் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு மட்டும் வந்துபோனது. ஒரு பைட் குறிமுறையைக்கூட அது உருவாக்கவில்லை, ஆனால் கம்பைலரின் குணத்தையே மாற்றிவிட்டது.

திருத்தமும் சரிபார்ப்பும்

திருத்தம் சிறியது. அந்த வரியை நீக்கிவிட்டு, மிப்ஸ் முன்னொட்டோடு கிராஸ் கருவிகள் பாதையில் இருப்பதை உறுதி செய்தோம். கான்ஃபிகர் தானே சரியானதைக் கண்டுகொண்டது. பழைய பில்ட் அடைவை முழுக்க அழித்துவிட்டுத்தான் மறுபடி தொடங்கினோம். கான்ஃபிகரின் பழைய விடைகள் கேஷில் தங்கினால் திருத்தியும் பயனில்லை.

சரிபார்ப்புதான் நேரம் எடுத்தது, எடுக்கவும் வேண்டும். முதலில் 'ஹேவ்_ஏஎஸ்' வரிகள்: வேறுபாடு இல்லை. பிறகு அசெம்பிளி ஒப்பீடு. எங்கள் மூலக்கோப்புகள் குறைவு என்பதால், மஸ்ல் நூலகத்தின் சி கோப்புகள் அனைத்தையும் சேர்த்துக்கொண்டோம். கணிதம், சரங்கள், த்ரெட்டுகள் என்று சியின் எல்லா மூலைகளையும் தொடும் மூலம் அது. தசம மாறிலிகளும் ஏராளம். புதுக் கம்பைலரை லேப்டாப்பில் க்யூஎமுவின் 24கேசியாக ஓட்டி அவ்வளவையும் கம்பைல் செய்தோம். கோப்புகளில் ஒரு பகுதியை உண்மைப் பெட்டியிலும் செய்தோம், க்யூஎமுவை மட்டும் நம்பக் கூடாது என்பதால். ஒரு கோப்பிலும் வேறுபாடு வரவில்லை.

அதற்கும் மேலே, க்யூஎமுவுக்குள் மிப்ஸ் கோப்பு முறைமை ஒன்றை அமைத்து, புதுக் கம்பைலரால் ஜிசிசியையே மூன்று கட்டமாகக் கட்டவிட்டோம். 64 எம்பி பெட்டியில் இதை நினைத்துப் பார்க்க முடியாது; லேப்டாப்பின் ரேமில் முடியும். இரவு முழுக்க ஓடியது. காலையில் இரண்டாம், மூன்றாம் கட்ட ஒப்பீடு தேறியிருந்தது. நேரம் இல்லாதவர்கள் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடலாம், ஆனால் அசெம்பிளி ஒப்பீட்டை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்று கட்டப் பரீட்சை மட்டும் போட்டிருந்தால் இந்தப் பிழை பிடிபட்டிருக்காது: அந்தப் பில்டில் கான்ஃபிகர் பெட்டிக்குரிய உண்மையான மிப்ஸ் அசெம்பிளரைக் கேட்டுச் சரியான விடை வாங்கிக்கொள்ளும். புதிதாகப் பிறக்கும் கம்பைலர் சரியாகிவிடும். பெட்டியில் இருக்கும் பழையது அப்படியே இருக்கும்.

கடைசியாக ஆலையில், ப்ளக்இன்னைப் பெட்டியிலேயே கம்பைல் செய்து, நூலகக் கோப்பைச் சேர்க்காமல் முதன்மை நிரலோடு இணைத்தோம். லிங்க்கர் எந்தப் பெயரையும் கேட்கவில்லை. ரீட்எல்ஃபில் 'சென்சார்_எர்ர்' டிஎல்எஸ் வகையாகத் தெரிந்தது. இரண்டு சென்சார் வரிசைகளிலும் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி மாட்டினோம். எந்த வரிசையில் கழற்றினோமோ அந்த வரிசைக்கு மட்டும், அடுத்த பதிவிலேயே 'சென்சார் பழுது' வந்தது.

இப்போது ஸ்கிரிப்ட்டில் இரண்டு படிகள் சேர்ந்திருக்கின்றன. கான்ஃபிகர் முடிந்ததும் 'ஹேவ்_ஏஎஸ்' வரிகளைக் கிராஸ் கம்பைலரின் கோப்போடு ஒப்பிட்டு, ஒரு வரி மாறினாலும் பில்டை நிறுத்தும். பில்ட் முடிந்ததும் மஸ்ல் மூலத்தை இரண்டிலும் கம்பைல் செய்து அசெம்பிளியை ஒப்பிடும். ப்ளக்இன் மேக்ஃபைலிலும் ஒரு காவல் வைத்திருக்கிறோம்: உருவான கோப்பில் 'எமுடிஎல்எஸ்' என்று தொடங்கும் பெயர் ஒன்று இருந்தாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் பிழை சொல்லும். இரவு ஷிஃப்ட் ஆளுக்கு அந்தச் செய்தியைத் தமிழிலேயே எழுதி, கிராஸ் கம்பைலரால் கட்டிய பழைய ப்ளக்இன் எந்த அடைவில் இருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்திருக்கிறோம்.